மாலைத்தீவுகளில் கடல் மட்ட உயர்வு

மாலைத்தீவுகளில் கடல் மட்ட உயர்வு என்பது, புவி வெப்பமடைதலின் விளைவாக இந்தியப் பெருங்கடலின் நீர்மட்டம் உயர்ந்து வருவதனால் மாலைத்தீவுக் குடியரசின் நிலம், குடிநீர், வாழ்வாதாரம் ஆகியவற்றுக்கு ஏற்பட்டுள்ள அச்சுறுத்தலையும், அதனை எதிர்கொள்ள அந்நாடு மேற்கொண்டு வரும் முயற்சிகளையும் குறிக்கும். உலகின் மிகத் தாழ்வான நாடாக மாலைத்தீவுகள் கருதப்படுகிறது. அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே உள்ளது. இயற்கையான மிக உயர்ந்த இடத்தின் உயரம் சுமார் 2.4 மீட்டர் மட்டுமே.

புவியியல் அமைப்பு

இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் தென்மேற்கே, இலட்சத்தீவுகளையும் சாகோசுத் தீவுகளையும் தாங்கி நிற்கும் அதே கடலடி மலைத்தொடரின் மீது மாலைத்தீவுகள் அமைந்துள்ளது. வடக்குத் தெற்காகச் சுமார் 870 கிலோமீட்டர் நீளத்தில் 1,190 அளவிலான பவளத் தீவுகள் இரட்டைச் சங்கிலி போலப் பரவியுள்ளன. இவற்றுள் சுமார் 200 தீவுகளில் மட்டுமே மக்கள் குடியிருக்கின்றனர். நாட்டின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் ஆகும். நாட்டின் பரப்பாகக் கூறப்படும் 90,000 சதுர கிலோமீட்டரில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது கடலே.

நடுவில் ஆழம் குறைந்த காயலும் அதனைச் சுற்றி வளையமாகப் பவளப்பாறையும் கொண்ட அமைப்பு அடோல் எனப்படும். உலக மொழிகள் பலவற்றிலும் வழங்கும் இச்சொல் மாலைத்தீவுகளின் மொழியான திவேகியிலிருந்து பெறப்பட்டதாகும். அடோல்கள் உருவாகும் முறையை முதலில் விளக்கியவர் சார்லசு டார்வின். எரிமலைத் தீவு ஒன்று மெல்ல மெல்லக் கடலுள் அமிழும்போது, அதன் விளிம்பில் வளர்ந்த பவளம் சூரிய ஒளியை நாடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும் என்றும், இறுதியில் தீவு மறைந்து பவள வளையம் மட்டும் எஞ்சும் என்றும் 1842 இல் வெளியான தமது நூலில் அவர் எழுதினார். மாலைத்தீவுகளைப் பொறுத்தவரை, பனிக்காலங்களில் கடல் மட்டம் தாழ்ந்தும் உயர்ந்தும் வந்ததும் இந்த வளையங்களின் வடிவத்தைத் தீர்மானித்துள்ளது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல் மட்டம் இன்றைய நிலையை விட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது இன்றைய அடோல்கள் செங்குத்தான சுண்ணக்கல் மேடுகளாகக் கடலுக்கு மேல் நின்றிருக்கும். மக்கள் வாழும் மணல் தீவுகளோ கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில், கடல் மட்டம் ஓரளவு நிலைபெற்ற பின்னர் உருவானவை. புவியியல் கணக்கில் இவை மிக இளம் நிலங்கள்.

இத்தீவுகளின் மணல் ஆறுகள் கொண்டுவந்த மணல் அன்று. அது முழுவதும் உயிரினங்களின் எச்சமே ஆகும். பவளத்தின் சிதைவுகள், சிப்பிகள், சுண்ணம் சேர்க்கும் பாசிகள் ஆகியவற்றோடு, கிளிமீன்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கிளியின் அலகு போன்ற வாயுடைய இம்மீன்கள் பாசியை உண்பதற்காகப் பவளப்பாறையைக் கொறித்து, அதனை அரைத்து, மணலாகக் கழிக்கின்றன. வக்காரு என்னும் தீவில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வொன்று, அங்கு புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கிளிமீன்கள் தருவதே எனக் கண்டறிந்தது. ஆகவே பவளமும் மீனும் நலமாக இருக்கும் வரையில்தான் தீவுக்கு மண் கிடைக்கும்.

கடல் மட்டம் உயர்வதற்கான காரணங்கள்

நிலக்கரி, பெட்ரோலியம் முதலிய எரிபொருள்களை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த மில்லியனில் 280 பங்கிலிருந்து இன்று 420 பங்குக்கு மேல் உயர்ந்துள்ளது. இதனால் புவியில் தங்கும் மேலதிக வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதைப் பெருங்கடல்களே உள்வாங்கிக் கொள்கின்றன. கடல் மட்ட உயர்வின் முதற் காரணம் இங்கேயே தொடங்குகிறது. நீர் வெப்பமடையும்போது விரிவடையும். ஒரு குவளை நீரில் இந்த விரிவு கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள பெருங்கடலில், பக்கவாட்டில் விரிய இடமின்றி, அது மட்ட உயர்வாகவே வெளிப்படும். 1971 முதல் 2018 வரை ஏற்பட்ட உயர்வில் ஏறத்தாழ பாதிக்கு இந்த வெப்ப விரிவே காரணம்.

இரண்டாவது காரணம் நிலத்தின் மீதுள்ள பனி உருகுவது. இமயமலை, ஆல்ப்சு, ஆந்தீசு, அலாசுக்கா முதலிய இடங்களின் பனியாறுகள் அதே காலப்பகுதியில் 22 விழுக்காடும், கிரீன்லாந்து, அண்டார்டிக்கா ஆகியவற்றின் பனிவிரிப்புகள் 20 விழுக்காடும் பங்களித்தன. நிலத்தடி நீரை இறைத்துப் பயன்படுத்துவதால் இறுதியில் கடலைச் சேரும் நீர் உள்ளிட்ட நிலநீர் மாற்றங்கள் எஞ்சிய 8 விழுக்காட்டுக்குக் காரணமாகும். ஆயினும் இந்த விகிதம் மாறி வருகிறது. பனிவிரிப்புகள் இழக்கும் பனியின் அளவு 1990களில் இருந்ததைப் போல 2010களில் நான்கு மடங்காயிற்று. அண்மைக் காலத்தில் வெப்ப விரிவைவிடப் பனி உருகுதலே கூடுதல் பங்கு வகிக்கிறது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 7 மீட்டரும், அண்டார்டிக்காவின் பனி முழுவதும் உருகினால் சுமார் 58 மீட்டரும் உயரும். அவ்வாறு நிகழப் பல நூற்றாண்டுகளோ ஆயிரம் ஆண்டுகளோ ஆகும். எனினும் மாலைத்தீவுகளைப் போன்ற நாட்டுக்கு இதில் ஐம்பதில் ஒரு பங்கே போதுமானது.

வடமுனையில் மிதக்கும் கடற்பனி உருகுவதும் கடல் மட்டத்தை உயர்த்தும் என்பது பரவலாகக் காணப்படும் தவறான கருத்தாகும். மிதக்கும் பனிக்கட்டி தன் எடைக்குச் சமமான நீரை முன்னரே இடம்பெயர்த்து விட்டது. எனவே அது உருகினாலும் மட்டம் ஏறத்தாழ மாறுவதில்லை. ஆனால் வெண்ணிறக் கடற்பனி மறைந்த இடத்தில் கருநிறக் கடல் கூடுதல் வெப்பத்தை ஈர்ப்பதால் மறைமுகமான பாதிப்பு உண்டு.

பனி உருகுவது துருவங்களில்; பாதிப்பு நிலநடுக்கோட்டருகே கூடுதலாக உள்ளது. இதற்குக் காரணம் ஈர்ப்பு விசை. கிரீன்லாந்தின் பெரும் பனித்திணிவு தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் ஈர்த்து வைத்துள்ளது. பனி குறையக் குறைய அந்த ஈர்ப்பும் குறைந்து, நீர் தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களை நோக்கி நகர்கிறது. இதனால் கிரீன்லாந்தின் கரையோரத்தில் மட்டம் தாழக்கூட நேரிடும். இதனோடு குழப்பிக் கொள்ளக் கூடாத வேறொரு செய்தியும் உண்டு. இலங்கைக்குத் தெற்கே, புவியின் உட்பகுதியில் திணிவு சமமாகப் பரவாமையால், கடற்பரப்பு கணக்கிடப்பட்ட சீரான புவி வடிவத்தைவிடச் சுமார் 100 மீட்டர் தாழ்ந்துள்ளது. இந்தப் பள்ளம் மிகத் தொன்மையானது. அது மாலைத்தீவுகளுக்கு எவ்விதப் பாதுகாப்பையும் அளிப்பதில்லை.

அளவீடுகளும் எதிர்வுகூறல்களும்

1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதாகக் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021 இல் வெளியிட்ட ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை கூறுகிறது. உயர்வு வீதம் 1901-1971 காலத்தில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்து, 2006-2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டராகக் கூடியுள்ளது. முற்காலத்தில் துறைமுகங்களில் நிறுவப்பட்ட ஓதமானிகளைக் கொண்டே மட்டம் அளக்கப்பட்டது. 1992 இல் ஏவப்பட்ட தோபெக்சு-பொசைடன் செயற்கைக்கோளும், அதன் வழியில் வந்த சேசன் வரிசை, 2020 இல் ஏவப்பட்ட சென்டினல்-6 ஆகியவையும் உலகப் பெருங்கடல்களை வானிலிருந்து தொடர்ந்து அளந்து வருகின்றன.

2004 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் நில்சு-ஆக்செல் மோர்னர், மாலைத்தீவுகளில் கடல் மட்டம் உயரவில்லை என்றும், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சுமார் 30 சென்டிமீட்டர் தாழ்ந்தே உள்ளது என்றும் வாதிட்டார். அவ்வளவு பெரிய தாழ்வு நிகழ்ந்திருப்பது நம்பத்தக்கதன்று என 2005 இல் பிலிப் வுட்வொர்த் என்பார் காட்டினார். மாலே, கன் ஆகிய இடங்களிலுள்ள ஓதமானிகளும் செயற்கைக்கோள் அளவீடுகளும் மட்டம் உயர்வதையே காட்டுகின்றன.

1995-2014 காலச் சராசரியுடன் ஒப்பிடுகையில், வெளியேற்றம் மிக விரைவாகக் குறைக்கப்பட்டால் 2100 இல் உலகக் கடல் மட்டம் 0.28 முதல் 0.55 மீட்டர் வரையும், மிக அதிகமான வெளியேற்றம் தொடர்ந்தால் 0.63 முதல் 1.01 மீட்டர் வரையும் உயரக்கூடும். பனிவிரிப்புகள் எதிர்பாராத விதத்தில் சிதைந்தால் 2 மீட்டரை நெருங்குவதற்கான வாய்ப்பையும் முற்றாக ஒதுக்க முடியாது என அறிக்கை குறிப்பிடுகிறது. 2100 உடன் உயர்வு நின்றுவிடாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆழ்கடல் மெதுவாகவே வெப்பமடைவதால், வெளியேற்றம் முற்றிலும் நின்ற பின்னரும் பல நூற்றாண்டுகளுக்கு மட்டம் உயர்ந்து கொண்டிருக்கும்.

விளைவுகள்

அலை வெள்ளம்

ஒரு நாள் காலையில் தீவு முழுவதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் என்பது போன்ற கற்பனை உண்மை நிலையை மறைத்து விடுகிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வை யாரும் கண்ணால் காண்பதில்லை. ஆனால் உயர்ந்துவிட்ட மட்டத்தின் மீது உயரோதமும் பேரலையும் சேர்ந்து வரும்போது, முன்னர் கரையோடு நின்ற நீர் ஊருக்குள் புகுகிறது. தொலைதூரத் தென்பெருங்கடலில் வீசும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து, வானம் தெளிவாக உள்ள நாளிலும் தீவுகளைத் தாக்கக்கூடும். திவேகியில் இது உதா எனப்படுகிறது. கேரளத்திலும் தென் தமிழ்நாட்டிலும் கள்ளக்கடல் என வழங்கப்படுவதும் இத்தகைய அலையையே.

1987 ஏப்ரலில் இத்தகைய அலைகள் தலைநகர் மாலேயையும் வேறு பல தீவுகளையும் தாக்கின. மாலேயில் கடலை நிரப்பிப் பெறப்பட்ட புது நிலத்தின் பகுதிகள் அரித்துச் செல்லப்பட்டன. 2007 மே மாதத்திலும் தென்பகுதி அடோல்களில் கடல் ஊர்களுக்குள் புகுந்தது. 2004 திசம்பர் 26 இல் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குக் காரணம் நிலநடுக்கமே ஒழியக் கடல் மட்ட உயர்வன்று. எனினும் தாழ்ந்த தீவுகள் எவ்வளவு எளிதில் குடியிருக்கத் தகுதியற்றுப் போகும் என்பதை அது காட்டியது. 80 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரா அடோலில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த கந்தொளுதூ தீவு முற்றாகக் கைவிடப்பட்டது. அதன் மக்கள் சில ஆண்டுகள் தற்காலிகக் குடியிருப்புகளில் வாழ்ந்த பின், அதுவரை ஆளில்லாதிருந்த துவாஃபரு தீவில் குடியமர்த்தப்பட்டனர். நாடு தன் ஆண்டு உற்பத்தி மதிப்பில் பாதிக்கும் மேலானதை அந்த ஒரே நாளில் இழந்தது.

குடிநீர்

மாலைத்தீவுகளில் ஆறோ ஏரியோ மலையூற்றோ இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. இதுவே நன்னீர் வில்லை எனப்படும். அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்க வேண்டும். நடைமுறையில் சிறு தீவுகளில் நன்னீரின் மேல்மட்டம் சில பத்து சென்டிமீட்டர்களே உயர்ந்து நிற்கும். வில்லையும் அதற்கேற்ப மெல்லியதாகவே இருக்கும். ஒருமுறை கடல் அலை தீவின்மேல் பாய்ந்து சென்றால், மேலிருந்து இறங்கும் உப்புநீர் வில்லையைக் கெடுத்துவிடும். அது மீண்டும் நன்னீராக மாதங்களோ சில ஆண்டுகளோ ஆகும். இடையில் மீண்டும் அலை பாய்ந்தால் வில்லை மீளவே மீளாது. தீவு நீரில் மூழ்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே குடிநீரின்றி வாழத் தகுதியற்றதாகிவிடும் என 2018 இல் வெளியான ஆய்வொன்று எச்சரித்தது. கடல் மட்ட உயர்வைப் பற்றிய பொதுப் பேச்சில் அதிகம் இடம்பெறாத இதுவே அடோல் நாடுகளின் மிக அண்மைய ஆபத்து எனலாம்.

மாலேயின் நன்னீர் வில்லை, மக்கள் பெருக்கத்தால் கிணறுகள் மிகையாக இறைக்கப்பட்டுக் கழிவுநீரும் கலந்து, கடல் உயர்வுக்கு முன்னரே பாழாயிற்று. 1980களின் இறுதி முதல் அந்நகரம் கடல்நீரிலிருந்து உப்பகற்றிப் பெறும் நீரையே நம்பியுள்ளது. 2014 திசம்பர் 4 இல் உப்பகற்றும் நிலையத்தில் ஏற்பட்ட தீயினால் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய் நீரின்றித் தவித்தனர். இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் குடிநீர் அனுப்பியது. 2024 மார்ச்சில் சீனா, திபெத்தின் பனியாற்று நீர் 1,500 டன்னை மாலைத்தீவுகளுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. உருகிக் கடல் மட்டத்தை உயர்த்தும் பனியாறுகளின் நீர், அதே கடலால் குடிநீர் இழக்கும் நாட்டுக்குப் புட்டிகளில் வந்து சேர்ந்தது.

பவளப்பாறைகளும் பொருளாதாரமும்

தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையே அதன் முதல் அரண். திறந்த கடலின் அலை ஆற்றலில் பெரும்பகுதியை அது உடைத்து விடுகிறது. கடல்நீர் வழக்கத்தை விட 1 பாகை செல்சியசு அளவுக்குச் சில வாரங்கள் வெப்பமுற்றிருந்தாலே, பவள உயிரிகள் தம்முள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகின்றன. 1998 இல் ஏற்பட்ட வெளிறலில் மாலைத்தீவுகளின் ஆழமற்ற நீர்ப் பவளங்களில் பெரும்பாலானவை மடிந்தன. மெதுவாக மீண்டு வந்த அவை 2016 இல் மீண்டும் கடும் பாதிப்புக்குள்ளாயின. கடல் உயரும் வேகத்துக்கு ஈடாக வளர வேண்டிய வேளையில் பவளம் மடிவதே இங்குள்ள பெருஞ்சிக்கல். மக்களும் இதில் பங்கு வகித்தனர். நூற்றாண்டுகளாக வீடுகளும் பள்ளிவாசல்களும் பவளக் கற்களாலேயே கட்டப்பட்டன. 1658 இல் முடிக்கப்பட்ட மாலே வெள்ளிப் பள்ளிவாசல் அக்கலையின் சிறந்த சான்று. கட்டடத் தேவை பெருகியபோது பாறைகள் பேரளவில் வெட்டப்பட்டதால், 1990களில் அதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இன்று கட்டுமானப் பொருள்கள் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. தூத்துக்குடியிலிருந்து காய்கறிகளோடு கல், செங்கல் முதலியவற்றையும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலேக்குச் செல்வது வழக்கம்.

சுற்றுலாவும் சூரை மீன்பிடியுமே நாட்டின் வருவாய்த் தூண்கள். இலங்கையிலும் தென் தமிழகத்திலும் மாசிக் கருவாடு என விரும்பப்படும் பண்டம் இங்கிருந்தே புகழ் பெற்றது. கடற்கரை அரித்துப் போனாலும் பவளம் மடிந்தாலும் இவ்விரு தொழில்களும் ஒருங்கே பாதிக்கப்படும்.

தீவுகள் மறையுமா?

2010 இல் வெப், கென்ச் ஆகிய ஆய்வாளர்கள் நடுப் பசிபிக்கின் 27 அடோல் தீவுகளின் பழைய, புதிய படங்களை ஒப்பிட்டு, அவற்றுள் 14 விழுக்காடு மட்டுமே சுருங்கியுள்ளன என்றும், மற்றவை மாறாமலோ பெருகியோ உள்ளன என்றும் கண்டனர். துவாலுவின் நிலப்பரப்பு 1971 முதல் 2014 வரை 2.9 விழுக்காடு கூடியுள்ளதாக 2018 இல் கென்ச் குழுவினர் தெரிவித்தனர். இம்முடிவுகளைக் கொண்டு கடல் உயர்வால் ஆபத்து ஏதுமில்லை என வாதிடுவோர் உண்டு. ஆய்வுகள் அவ்வாறு கூறவில்லை. மணல் தீவு அலையின் போக்குக்கேற்ப ஒரு பக்கம் அரிந்து மறு பக்கம் வளரும் இயல்புடையது என்பதையே அவை காட்டுகின்றன. ஆளில்லாத தீவு இவ்வாறு நகர்ந்தால் இழப்பு யாருக்கும் இல்லை. ஆனால் அரிக்கும் பக்கத்தில் பள்ளிக்கூடமும் இடுகாடும் இருந்தால் தீவின் மொத்தப் பரப்பு கூடியிருப்பது அங்கு வாழ்வோருக்கு ஆறுதல் தராது. மேலும், துறைமுகங்களும் கடற்சுவர்களும் தீவுகளை இணைக்கும் கல்லணைகளும் மணலின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்து, தீவு தானே சீரமைத்துக் கொள்ளும் ஆற்றலைக் குறைத்து விடுகின்றன.

எதிர்கொள்ளும் முயற்சிகள்

1987 வெள்ளத்துக்குப் பின் சப்பானின் உதவியுடன் மாலேயைச் சுற்றி நான்கு கால் கொண்ட பைஞ்சுதைக் கட்டிகளாலான கடற்சுவர் பல ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலையின் தாக்கத்தை அது மாலேயில் பெரிதும் குறைத்தது. ஆனால் சுமார் 200 குடியிருப்புத் தீவுகளுக்கும் இத்தகைய சுவர் எழுப்புவது அந்நாட்டின் வளத்துக்கு அப்பாற்பட்டது.

மாலேக்கு அருகில் 1997 இல் தொடங்கி, காயலின் மணலை வாரி நிரப்பி உருவாக்கப்பட்ட ஊலுமாலே தீவு சுமார் 2 மீட்டர் உயரமுடையது. 2004 முதல் அங்கு மக்கள் குடியேறினர். 2018 இல் திறக்கப்பட்ட பாலம் இதனைத் தலைநகருடன் இணைக்கிறது. சிதறிய தீவுகளின் மக்களை உயர்ந்த சில தீவுகளில் திரட்டுவது இதன் உள்நோக்கம். இதற்காகக் கடலடி மணலை வாரும்போது அருகிலுள்ள பவளமும் கடற்புல்லும் சேற்றால் மூடப்படுகின்றன எனச் சூழலியலாளர்கள் குறை கூறுகின்றனர். அட்டு அடோலில் அண்மையில் நடந்த நிலமீட்பும் இவ்வாறே எதிர்ப்பைச் சந்தித்தது. 2021 இல் மாலே அருகே காயலில் மிதக்கும் நகரமொன்றை அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

பன்னாட்டு அரங்கில் இச்சிக்கலை முதலில் எழுப்பிய நாடுகளுள் மாலைத்தீவுகள் ஒன்றாகும். குடியரசுத் தலைவர் மாமூன் அப்துல் கயூம் 1987 இல் ஐக்கிய நாடுகள் பொது அவையில் இதுபற்றி உரையாற்றினார். 1989 நவம்பரில் சிறு நாடுகளின் கடல் மட்ட உயர்வு மாநாடு மாலேயில் கூடியது. அதன் தொடர்ச்சியாகவே சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவாயிற்று. 2008 இல் பதவியேற்ற முகம்மது நசீது, தேவை ஏற்பட்டால் இந்தியா, இலங்கை அல்லது ஆசுத்திரேலியாவில் நிலம் வாங்குவதற்காகச் சுற்றுலா வருவாயில் ஒரு பகுதியைச் சேமிக்கப் போவதாக அறிவித்தார். 2009 அக்டோபர் 17 இல் அவரும் அமைச்சர்களும் மூச்சுக்கருவி அணிந்து கிரிஃபுசித் தீவருகே கடலடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தினர். அப்படம் உலகெங்கும் பரவிற்று. 2020 க்குள் கார்பன் நடுநிலை அடைவது என்ற அவரது அறிவிப்பு நிறைவேறவில்லை. நிலம் வாங்கும் திட்டமும் பின்வந்த அரசுகளால் தொடரப்படவில்லை.

ஒரு நாட்டின் நிலமே மறைந்தால் அந்த நாடு நாடாக நீடிக்குமா, அதன் மீன்பிடி எல்லை என்னவாகும் என்பன போன்ற கேள்விகளுக்கு முன்மாதிரி ஏதும் இல்லை. பசுங்குடில் வளிமங்கள் கடலை மாசுபடுத்துவனவே எனப் பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21 இல் கருத்துரை வழங்கியது. பன்னாட்டு நீதிமன்றம் 2025 சூலை 23 இல் அளித்த கருத்துரையில், கடல் உயர்வால் கரை மாறினாலும் முன்னர் குறிக்கப்பட்ட கடல் எல்லைகளை நாடுகள் மாற்றிக் கொள்ள வேண்டியதில்லை என்றும், நிலத்தை இழப்பதனாலேயே ஒரு நாடு தன் நாடு என்னும் தகுதியை இழந்துவிடாது என்றும் கூறியது. இக்கருத்துரைகள் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல. துவாலு 2023 இல் ஆசுத்திரேலியாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 280 பேர் வரை அங்குக் குடியேறலாம். 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் மாலைத்தீவுகளுக்கு அத்தகைய உடன்படிக்கை எதுவும் இல்லை.